முழம் வேண்டாம், மீட்டர் போதும்!

"இப்பத்தான் நல்லா ஓடிட்டு இருக்கு தம்பி. ஓடுற வண்டியை எதுக்கு நோண்டணும்?"

சென்ற மாதம் படவேட்டுக்குப் போயிருந்தபோது எங்கள் தெருவில் உள்ள அண்ணன் ஒருவர் கேட்ட கேள்வி இது. பட்டு நெசவு அவர் தொழில். கல்லூரியில் சேர்ந்திருக்கும் மகளுக்காக வேலூரில் ஒரு பழைய லேப்டாப் வாங்கியிருந்தார். அதில் இருப்பது இன்டெல் நிறுவனத்தின் ஆறாம் தலைமுறை பிராசசர். விண்டோஸ் 11 அதில் முறைப்படி ஏறாது. ஒரு சில விதிவிலக்குகள் தவிர, இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்பது மைக்ரோசாப்ட்டின் நிபந்தனை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. எனவே லினக்ஸ் மிண்ட் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாளே அப்டேட் வந்திருப்பதாகத் திரையில் அறிவிப்பு. பட்டியலில் முதலில் இருந்தது கெர்னல் அப்டேட். அந்தப் பெண் மாற்றக் குறிப்பைத் திறந்து வாசித்தாள். "ஒழுங்குபடுத்தப்பட்டது", "எளிமையாக்கப்பட்டது", "தேவையற்றது நீக்கப்பட்டது" என்று வரிசையாக இருந்தது. புதிய வசதி என்று சொல்ல எதுவும் இல்லை. அப்போதுதான் அண்ணன் அப்படிக் கேட்டார்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலருக்கும் இந்தக் கேள்வி இருக்கும். ஒழுங்குபடுத்தும் வேலைக்கெல்லாம் ஓர் அப்டேட் தேவையா? தேவை என்பது என் கருத்து. அதைச் சொல்ல லினக்ஸ் கெர்னலில் நடந்த மிகச் சிறிய ஓர் ஒழுங்குபடுத்தலையே எடுத்துக்கொள்கிறேன். அதன் பெயர் அலைன்மென்ட் மேக்ரோ. பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். பூக்கடை வழியாகப் போனால் எளிதாகப் புரிந்துவிடும்.

பூக்கடையும் முழமும்

ஆடி மாத வெள்ளிக்கிழமைகளில் படவேடு ரேணுகாம்பாள் கோயில் வாசலில் பூக்கடைகள் நிறைந்திருக்கும். என் அம்மா நேராக ஒரு குறிப்பிட்ட கடைக்குத்தான் போவார். விலை எல்லாக் கடையிலும் ஒன்றுதான். ஆனால் அந்தக் கடைக்காரருக்குக் கை நீளம்! முழம் என்பது முழங்கையிலிருந்து விரல் நுனி வரை. குட்டையான கை அளந்தாலும் முழம்தான், நெட்டையான கை அளந்தாலும் முழம்தான். சொல் ஒன்று, அளவு வேறு.

பூவில் இது பரவாயில்லை. என் அப்பாவின் தறியில் இந்தக் கதை நடக்காது. ஆரணிக்குக் கொண்டுபோகும் புடவையை அங்கே மீட்டரில்தான் அளப்பார்கள். குறைந்தால் கூலியில் பிடிப்பார்கள். ஒருவர் நெய்து இன்னொருவர் வாங்கும் இடத்தில் இருவருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும்.

கம்ப்யூட்டரின் உள்ளேயும் பல ஆண்டுகளாக ஒரு முழக் கணக்கு இருந்தது. அதைப் பார்ப்போம்.

அலைன்மென்ட் என்றால் என்ன?

உங்கள் கம்ப்யூட்டரில் ஓடும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் நடுப்பகுதியைக் கெர்னல் என்கிறோம். பிராசசர், மெமரி, ஹார்ட் டிஸ்க், கீபோர்டு ஆகிய எல்லாவற்றையும் மேய்ப்பது அதுதான். லினக்ஸ் கெர்னலை 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டார். அதன் பெரும்பகுதி சி மொழியில் எழுதப்பட்டது. பிராசசரோடு நேருக்கு நேர் பேச வேண்டிய சிறு பகுதி மட்டும் அசெம்பிளி மொழியில் உள்ளது.

கெர்னல் என்பது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னப் புரோகிராம் துண்டுகளின் தொகுப்பு. இவற்றைப் பங்ஷன் என்பார்கள். ஒவ்வொன்றும் மெமரியில் ஒரு முகவரியில் தொடங்கும். பிராசசர் மெமரியிலிருந்து கட்டளைகளை ஒவ்வொரு பைட்டாக எடுப்பதில்லை. கட்டுக் கட்டாக எடுக்கும். பல இன்டெல் பிராசசர்களில் ஒரு கட்டு 16 பைட். பங்ஷன் ஒரு கட்டின் கடைசி பைட்டில் தொடங்கினால், அந்த ஒரு பைட்டுக்காக முழுக் கட்டையும் எடுத்து, மீதிக்கு அடுத்த கட்டையும் எடுக்க வேண்டும்.

புத்தகத்தில் ஒவ்வோர் அத்தியாயத்தையும் புதுப் பக்கத்தில் தொடங்குவார்கள் அல்லவா? முந்தைய அத்தியாயம் பாதிப் பக்கத்தில் முடிந்தாலும், மீதியைக் காலியாக விட்டுவிடுவார்கள். இங்கும் அதே முறைதான். பங்ஷன் 16-ஆல் வகுபடும் முகவரியில் தொடங்கும்படி இடையில் சில பைட்டுகளை நிரப்பிவிடுவார்கள். இதுதான் அலைன்மென்ட். இன்டெல், ஏஎம்டி பிராசசர்களில் நிரப்புவதற்கு 90 என்ற எண் பயன்படும். இது ஹெக்சாடெசிமல் எண். 'ஒன்றும் செய்யாதே, அடுத்ததற்குப் போ' என்பது இந்தக் கட்டளைக்குப் பொருள்.

அசெம்பிளியில் இதைச் சொல்வதற்கான உத்தரவு 'அலைன்'. பக்கத்தில் ஓர் எண் போட வேண்டும். ஒவ்வொரு பங்ஷனுக்கு முன்பும் இதைத் திரும்பத் திரும்ப எழுதாமல், ஒரே இடத்தில் எழுதி அதற்கு ஒரு பெயர் வைத்துக்கொள்வார்கள். அந்தப் பெயர்தான் மேக்ரோ. மற்ற இடங்களில் பெயரை மட்டும் போட்டால் போதும்.

ஒரே நான்கு, இரண்டு அளவு

சிக்கல் இங்கேதான். 'அலைன் 4' என்றால் எத்தனை பைட்?

சில பிராசசர்களுக்கு 4 பைட். வேறு சிலவற்றுக்கு 2-ன் அடுக்கு 4, அதாவது 16 பைட்! இன்று நாம் பயன்படுத்தும் இன்டெல் வகையில் எண் பைட்டையே குறிக்கும். ஆர்ம், பவர்பிசி வகைகளில் அடுக்கைக் குறிக்கும். இன்டெல்லிலேயே லினக்ஸ் 1990-களின் நடுப்பகுதி வரை பயன்படுத்திய 'ஏ.அவுட்' என்ற பழைய பைல் அமைப்பில் அது அடுக்கு. பிறகு வந்த 'எல்ப்' அமைப்பில் பைட். சிப் மாறவில்லை, எழுத்தும் மாறவில்லை. அளவு மட்டும் மாறிவிட்டது.

ஏன் இந்தக் குளறுபடி? ஒவ்வொரு சிப்புக்கும் முன்பே ஓர் அசெம்பிளர் இருந்தது. ஜிஎன்யூ அசெம்பிளர் எல்லாச் சிப்புகளுக்கும் பொதுவாக வந்தபோது, அந்தந்த ஊர் வழக்கத்தை அப்படியே பின்பற்ற வேண்டியிருந்தது. அதன் கையேடே இதை ஒப்புக்கொள்கிறது. இதற்கு மாற்றாக இரண்டு தெளிவான உத்தரவுகளையும் அது தந்தது. ஒன்று எந்தச் சிப்பிலும் பைட்டை மட்டுமே குறிக்கும். மற்றொன்று எந்தச் சிப்பிலும் அடுக்கை மட்டுமே குறிக்கும். வசதிக்காக அவற்றைப் 'பைட் அலைன்', 'பவர் அலைன்' என்று அழைப்போம். இவைதான் நம் மீட்டர். 'அலைன்' என்பது முழம்.

நான் பட்ட பாடு

வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் ஆர்ம் சிப் உள்ள ஒரு போர்டுக்கு பூட் புரோகிராம் எழுதினேன். அதற்கு ஒதுக்கப்பட்ட இடம் 8 கிலோபைட் மட்டுமே. சுமார் 60 சின்னப் பங்ஷன்கள். இன்டெல் பழக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் முன்னால் 'அலைன் 8' என்று போட்டேன். 8 பைட் என்பது என் கணக்கு. ஆர்ம் அதை 2-ன் அடுக்கு 8, அதாவது 256 பைட் என்று எடுத்துக்கொண்டது. 60 பங்ஷன், தலா 256 பைட் என்றால் 15,360 பைட். இடம் போதவில்லை என்று பிழைச் செய்தி வந்தது.

இரண்டு நாள் புரோகிராமைச் சுருக்கினேன். செய்திகளை வெட்டினேன். வரிகளைக் குறைத்தேன். ஆனால் மொத்த அளவு அசையவே இல்லை! எப்படி அசையும்? 100 பைட் பங்ஷனை 60 பைட்டாகக் குறைத்தாலும் அது 256 பைட் இடத்தைத்தானே பிடித்துக்கொண்டிருந்தது! மூன்றாம் நாள் காலை மூத்த பொறியாளர் ஒருவர் எட்டிப் பார்த்து, அந்த 8-ஐ 3 ஆக்கினார். 2-ன் அடுக்கு 3, எட்டு பைட். அவ்வளவுதான்.

தவறு என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் படித்தவுடன் ஒரு பொருளையும், ஓடும்போது வேறு பொருளையும் தருகிற ஒரு சொல் இருக்கும்வரை, என்னைப் போல் யாராவது ஒருவர் அதில் விழுந்துகொண்டேதான் இருப்பார்.

கெர்னலில் என்ன செய்தார்கள்?

லினக்ஸ் கெர்னலிலும் இதே கதைதான். பல சிப்புகளுக்குப் பொதுவான பைலில் 'அலைன் 4, நிரப்ப 90' என்று ஒரு வரி நெடுநாள் இருந்தது. சிப்பைப் பொறுத்து அது 4 பைட்டாகவும் 16 பைட்டாகவும் மாறும். அந்த 90-ஓ இன்டெல் வகைக்கு மட்டுமே பொருள் உள்ளது. எனவே பல சிப் குடும்பங்கள் பொது வரியை ஒதுக்கிவிட்டுத் தங்களுக்கெனத் தனி வரி எழுதிக்கொண்டன. 64 பிட் ஆர்ம் பகுதியில் 'அலைன் 2' என்று இருந்தது. எம்68கே என்ற பழைய மோட்டோரோலா சிப்பின் பகுதியில் 'அலைன் 4' என்று இருந்தது. இரண்டும் ஒரே அளவு, 4 பைட்!

சென்னை ஐஐடியின் 'சக்தி' திட்டத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கு வடிவமைத்த சிப்பில் 2018-ல் லினக்ஸ் பூட் ஆனது செய்தியாக வந்தது. அந்தச் சிப்பின் அடிப்படையான ரிஸ்க்-வி குடும்பமும் லினக்ஸுக்குள் வந்தபோது தனக்கென ஒரு வரியை எழுதிக்கொண்டது. பொது அளவுகோல் சரியில்லை என்றால், புதிதாக வருகிற ஒவ்வொருவரும் வீட்டிலிருந்தே ஓர் அளவுகோல் கொண்டுவர வேண்டியதுதான்.

இரண்டு கட்டமாக இது சீரானது. முதலில், அசெம்பிளி பங்ஷனின் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கும் மேக்ரோக்கள். இவற்றில் பழைய பெயர்கள் பல, பயன்பாடோ ஆளுக்கொரு விதம். 2019-ல் யிரி ஸ்லாபி என்ற பொறியாளரின் முயற்சியால் பொருள் தெளிவான புதிய பெயர்கள் வந்தன. இன்டெல் வகைப் பகுதி முழுவதும் அவற்றுக்கு மாறியது. 2020 ஜனவரியில் வந்த 5.5 கெர்னலில் இவை இடம்பெற்றன.

இரண்டாவதாக, 2022-ல் பீட்டர் ஜில்ஸ்ட்ரா செய்த மாற்றம். பொதுவான அந்த ஒரு வரியைப் 'பைட் அலைன்' ஆக மாற்றினார். பொருளற்றுக் கிடந்த 90-ஐ அதிலிருந்து எடுத்துவிட்டார். எத்தனை பைட் என்பதைக் கெர்னல் அமைப்பில் ஒரே இடத்தில் குறிக்கும்படி செய்தார். 4, 8, 16, 32, 64 ஆகியவற்றுள் தேவையானதைச் சிப் குடும்பம் கேட்கலாம். பல தேவைகள் இருந்தால் பெரியது எடுத்துக்கொள்ளப்படும். அந்த ஒரே எண்தான் சி கம்பைலருக்கும் போகும், அசெம்பிளருக்கும் போகும். நெய்கிறவர் கையிலும் வாங்குகிறவர் கையிலும் ஒரே மீட்டர். 2023 பிப்ரவரியில் வந்த 6.2 கெர்னலில் இது சேர்ந்தது.

இதனால் நமக்கு என்ன?

இங்கேதான் அண்ணன் வாங்கிய பழைய லேப்டாப் வருகிறது. 2022 ஜூலையில் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'ரெட்பிளீட்' என்ற பாதுகாப்பு ஓட்டையை வெளியிட்டார்கள். இன்டெல்லின் ஆறாம் தலைமுறை முதலான சில பிராசசர்களும், ஏஎம்டியின் சில பிராசசர்களும் இதில் சிக்கின. கம்ப்யூட்டரில் ஓடும் ஒரு கெட்ட புரோகிராம், கெர்னலின் மெமரியில் உள்ள ரகசியங்களை எட்டிப் பார்க்க இது வழிசெய்யும். ஓட்டையை அடைத்தார்கள். ஆனால் அதற்குக் கொடுத்த விலை வேகம். 14 முதல் 39 சதவீதம் வரை கூடுதல் சுமை ஏற்படலாம் என்று அந்த ஆய்வாளர்களே அளந்து சொன்னார்கள். குறைந்த விலைக்கு வாங்கிய பழைய கம்ப்யூட்டரில் இது சிறிய இழப்பு அல்ல.

இதைவிடச் செலவு குறைந்த ஒரு வழியைக் கெர்னல் குழுவினர் தேடினார்கள். ஒரு பங்ஷன் இன்னொன்றை அழைக்கும்போது, 'முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும்' என்பதைப் பிராசசர் உள்ளே குறித்துவைத்துக்கொள்ளும். இந்த இன்டெல் பிராசசர்களில் அப்படி 16 குறிப்புகளுக்குத்தான் இடம் உண்டு. குறிப்பு தீர்ந்துபோனால் பிராசசர் ஊகம் செய்கிறது. ஏமாற்றுவது அந்த ஊகத்தைத்தான். ஆகவே எத்தனை அழைப்பு நடந்தது என்று கெர்னலே எண்ணிக்கொண்டு வந்து, தீர்வதற்கு முன் நிரப்பிவிட வேண்டும். தாமஸ் கிளைக்ஸ்னரும் பீட்டர் ஜில்ஸ்ட்ராவும் இதை உருவாக்கினார்கள்.

எண்ணுவதற்கான கட்டளைகளை எங்கே வைப்பது? ஒவ்வொரு பங்ஷனுக்கும் முன்னால் 16 பைட் காலியிடம் விட்டார்கள். பாதிக்கப்பட்ட பிராசசரில் இந்த முறையைத் தேர்ந்தெடுத்தால், பூட் ஆகும்போது அந்த இடத்தில் எண்ணும் கட்டளைகள் எழுதப்படும். மற்ற கம்ப்யூட்டர்களில் அது காலியாகவே இருக்கும். அத்தியாயத்துக்கு முன்னால் விட்ட வெற்றுத்தாளில் மருந்துச் சீட்டு எழுதியது போல!

இது நடக்க வேண்டுமானால் கெர்னலின் பங்ஷன்கள் எல்லாம், சி மொழியில் எழுதியவையும் அசெம்பிளியில் எழுதியவையும், ஒரே அளவுக்கு அடங்க வேண்டும். ஆளுக்கொரு முழம் போட்டிருந்தால் அது முடியாது. எனவேதான் அலைன்மென்ட் மேக்ரோவை எளிமையாக்கிய மாற்றமும் இந்தப் பாதுகாப்பு முறையும் ஒரே வரிசையில், ஒரே 6.2 கெர்னலில் வந்தன. முதலில் ஒழுங்கு, அதன்மேல் மருந்து.

மறுபக்கமும் உண்டு

ஓடுகிற வண்டியை நோண்டாதே என்பதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பெயர் மாற்றினால் பழைய பெயருக்குப் பழகியவர்கள் தடுமாறுவார்கள். கவனக்குறைவாக மாற்றினால் புதிய பிழை நுழையும். காலியிடத்துக்கும் விலை உண்டு. ஒரு பேச்சுக்கு 50,000 பங்ஷன் என்று வைத்துக்கொண்டால், தலா 16 பைட் வீதம் 8 லட்சம் பைட். ஒரு மெகாபைட்டுக்கும் குறைவுதான். இன்றைய கம்ப்யூட்டருக்கு இது பெரிதில்லை. ஆனால் சின்னப் போர்டுகளுக்குப் பெரிது. அதனால்தான் அளவைச் சிப் குடும்பத்தின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறார்கள்.

எனவே எல்லா ஒழுங்குபடுத்தலும் நல்லது என்று நான் சொல்லவில்லை. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்று ஆக்குகிற, பல இடத்தில் சிதறிக் கிடப்பதை ஓரிடத்தில் சேர்க்கிற, சோதித்துப் பார்த்த ஒழுங்குபடுத்தல் வீண் வேலை அல்ல. அதன் பயன் அன்றைக்குத் தெரியாது. அடுத்த ஓட்டை வரும்போது தெரியும்.

நீங்கள் செய்ய வேண்டியது

கெர்னல் அப்டேட் வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். முடிந்ததும் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்திட மறக்க வேண்டாம். அதுவரை பழைய கெர்னலே ஓடிக்கொண்டிருக்கும். லினக்ஸ் வைத்திருப்போர் டெர்மினலைத் திறந்து 'எல்எஸ்சிபியு' என்பதை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் இடைவெளியின்றி டைப் செய்து என்டர் தட்டுங்கள். பிராசசரின் பெயரும், கீழே ரெட்பிளீட் உள்ளிட்ட ஓட்டைகளின் பட்டியலும், ஒவ்வொன்றுக்கும் எதிரே அது அடைக்கப்பட்டிருக்கிறதா என்ற விவரமும் கிடைத்திடும். உபுண்டு 24.04, அதை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ் மிண்ட் 22 ஆகியவை 6.8 கெர்னலுடன் வந்தன. ஆகவே நான் சொன்ன மாற்றங்கள் அவற்றில் உண்டு. அழைப்பை எண்ணும் முறை மட்டும் தானாக இயங்காது. பூட் ஆகும்போது தேர்ந்தெடுத்தால்தான் இயங்கும். புதியவர்கள் அதைத் தொட வேண்டாம். வழக்கமான அடைப்பே பாதுகாப்பானது.

கம்ப்யூட்டர் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. லினக்ஸ் கெர்னல் யாரும் திறந்து படிக்கக்கூடிய நூல். அதில் ஒரு வரி ஏன் மாறியது என்ற காரணமும் கூடவே எழுதப்பட்டிருக்கும். பெரிய வசதியை எழுதித்தான் உள்ளே நுழைய வேண்டும் என்பதில்லை. ஒரு முழத்தை மீட்டராக மாற்றுவதும் நல்ல தொடக்கமே.

அண்ணனிடம் இவ்வளவும் சொல்லவில்லை. அம்மாவின் பூக்கடைக் கதையை மட்டும் சொன்னேன். சிரித்துவிட்டு, "அப்போ உள்ளே முழக்கோலை மாத்துறாங்கன்னு சொல்லு" என்றவர், மகள் பக்கம் திரும்பி, "போடும்மா அப்டேட்டை" என்றார்.